பக்கத்து ரூமுக்கு யாரும் போக வேண்டாம்

செல்லம்மா ஆயா கதவருகே நின்றுகொண்டு ஒரு ஆரஞ்சு மிட்டாயை மேலே தூக்கிக் காட்டினார். கண்ணாடித் தாள் சுற்றிய மிட்டாய். ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் பட்டு ஆயாவின் விரல் நுனியெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது.

"அபிதா, வாடா கண்ணு. பக்கத்து ரூமுக்குப் போலாம்."

அபிதாவுக்கு நாலு வயது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் கவுனை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு இது பழக்கம். மிட்டாய் வந்தால் பக்கத்து ரூம். அங்கே ஒரு உடைந்த ஊஞ்சலும் அரிசி மூட்டையும் இருக்கும்.

என் முன்னால் பெரிய அலுமினியப் பேசின், அது நிறையத் தண்ணீர். பக்கத்துத் தட்டில் ஆணி, புளியங்கொட்டை, பாட்டில் மூடி, தக்கை, என் வேனிலிருந்து கழற்றிய ஒரு துருப்பிடித்த நட்டு. எதிரே நாற்காலியில், தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த அம்மா, மடியில் மார்க் ஷீட்டுடன். சுவரோரம் எங்கள் பயிற்சி மையத்தின் தலைவி வசந்தா மேடம். பாயில் மற்ற பதினோரு பிள்ளைகள்.

"ஆயா, அபிதா இங்கியே இருக்கட்டும்" என்றேன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ஆயாவின் கை மிட்டாயோடு அப்படியே நின்றுவிட்டது. வசந்தா மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தோணி" என்றார். என் பெயரை மட்டும்தான் சொன்னார். அதிலேயே ஒரு பக்கம் திட்டு இருந்தது.

பாதி எழுந்த நிலையில் அபிதா மிட்டாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீரை.

அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஒரு வேன் டிரைவர் தண்ணீர்ப் பேசினை வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நீலச் சேலையில் ஒரு சட்டை

கடலூர் முதுநகரில் ஒரு நர்சரி பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னை 'வேன் மாமா' என்பார்கள். காலையில் பதினாறு பிள்ளைகள் ஏறினால் பதினாறு ரேடியோ ஓடும். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் அப்பா மீசையை எடுத்துவிட்டார், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

அதே பிள்ளைகள் பள்ளி கேட்டுக்குள் போனதும் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ரேடியோ அத்தனையும் ஆஃப்.

ஏன் இப்படி என்று ஒருநாள் அங்கிருந்த டீச்சரைக் கேட்டேன். "நீங்க வேனைப் பாருங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா ஸ்டெல்லா தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள். (மெர்சி, ஜோயல், இந்தச் சிறுவர் பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதுவதை நீங்கள் இரண்டு பேரும்தான் முதலில் படிப்பீர்கள் என்பதால் 'உங்கள் அம்மா' என்று எழுதுகிறேன். மற்ற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளணும்.)

"பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கீங்க இல்ல? போய் டீச்சருக்குப் படிங்க. அப்புறம் வந்து அவுங்களுக்குப் பதில் சொல்லுங்க."

விஷயம் அவள் தம்பிக்குப் போயிற்று. அவன் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன். அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது.

"இன்னா மாமா, ஆயா வேலைக்கா படிக்கப் போற?"

"ஆமாண்டா மச்சான். உனக்கு மூக்கு ஒழுகினா சொல்லு, வந்து தொடச்சு வுடறேன்."

சனி, ஞாயிறு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடியல் பூசைக்குப் போய்விட்டு நேராக பஸ் ஸ்டாண்டு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். பஸ்ஸில் தூங்கினாலும் மூக்கு விழித்திருக்கும். கருவாட்டு வாடை போய் ஈர மண் வாடை வந்தால் பாதி தூரம் வந்தாயிற்று என்று அர்த்தம். சிதம்பரத்தில் இறங்கி மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே சின்னப் பிள்ளைகளின் பள்ளி, மாடியில் எங்கள் பயிற்சி மையம்.

என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். ஃபீஸோடு சேர்த்து யூனிஃபார்ம் சேலை. வானநீலம், மஞ்சள் பார்டர். நான் ஆம்பளை, எனக்கு எதற்குச் சேலை என்றேன். "லிஸ்ட்ல இருக்கு, வாங்கித்தான் ஆகணும்" என்று ஆபீசில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர்ஜஹான் முக்காட்டுக்குள் சிரித்தாள். பரங்கிப்பேட்டைக்காரி, வீட்டுக்காரர் வெளிநாட்டில். "அண்ணே, முந்தானையை எந்தப் பக்கம் போடுவீங்க?"

ஸ்டெல்லா அந்தச் சேலையை வெட்டி எனக்கு ஒரு சட்டை தைத்தாள். மஞ்சள் பார்டர் பாக்கெட் மேல் வந்தது. மிச்சத்தில் மெர்சிக்கு ஒரு கவுன். வருஷம் பூராவும் அந்தச் சட்டையைத்தான் போட்டேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் 'டீச்சர் அக்காஸ்'. அதிலும் நான் இருந்தேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உட்காரக் கற்றுக்கொண்டது

அங்கே முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எழுத்தோ பாட்டோ இல்லை. உட்காருவது.

நம்ப மாட்டீர்கள். தரையில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக நம் கண்ணைக் கொண்டுவர வேண்டும். இதையே முதல் மாசம் முழுக்கச் செய்தோம். என் முட்டி படபடவென்று சத்தம் போடும். பெண்கள் சிரிப்பார்கள்.

வசந்தா மேடம் சொல்வார், "மேலேருந்து பேசினா அது மழை மாதிரி. புள்ளைங்க குடை பிடிச்சுக்கும். கீழ வந்து பேசுங்க."

நல்ல வாத்தியார் அவர். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்து யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

பென்சிலுக்கு முன்னால் விரல் பலப்பட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். மாவு பிசையட்டும், பேப்பரைக் கிழிக்கட்டும், வேர்க்கடலைத் தோலை உரிக்கட்டும், அப்புறம் எழுத்து தானாக வரும். அழுகிற பிள்ளையிடம் 'அழாதே' என்று சொல்லக் கூடாது, 'அம்மா ஞாபகம் வந்துடுச்சா?' என்று கேட்கணும். இதெல்லாம் நான் அவரிடம் கற்றது. அன்றைக்கே வேனில் செய்து பார்ப்பேன். சரியாக நடக்கும்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு குழந்தையைப் பிரித்துக் கொடுத்து, இரண்டு வாரம் கூடவே இருந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நாம் நினைப்பதை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும். வேனுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு நான் போனேன்.

எனக்கு அபிதா வந்தாள்.

"உங்களுக்கு ஈஸிண்ணே" என்றாள் நூர்ஜஹான். "அது வாயே திறக்காது. எழுத ஒண்ணும் இருக்காது."

இரண்டே நாளில் நோட்டில் பாதி நிரம்பியது. அபிதா வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பாள். எது யாருடையது என்று அத்தனையும் தெரியும். தண்ணீர்க் குழாயின் கீழே கையை வைத்து, விரலைச் சேர்த்தால் தண்ணீர் நிற்கிறது, விரித்தால் ஓடுகிறது என்று முப்பது தடவை செய்வாள். யாராவது அழுதால் பக்கத்தில் போய்த் தன் வாட்டர் பாட்டிலை வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருவாள். எறும்பு வரிசையில் ஒரு பிஸ்கட் தூளைப் போட்டுவிட்டு, அது வேறு பக்கம் திரும்பும்வரை குத்த வைத்துக் காத்திருப்பாள்.

பேசவில்லை. அது உண்மை.

அவள் அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"பேசாதா? யாரு, எங்க அபிதாவா?" அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வூட்டுல வாய் ஓயாதுங்க. நீங்க எப்படி முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காருவீங்கன்னு நடிச்சுக் காட்டும். எங்க வூட்டுக்காரருக்குச் சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு."

அன்றைக்கு நோட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன். 'இவள் என்னையும் கவனித்து வருகிறாள்.'

இன்ஸ்பெக்ஷன் லீவு

இப்போது இன்னும் பின்னால் போகணும். எனக்கு ஆறு வயது இருக்கும்.

என் அப்பா துறைமுகத்தில் ஐஸ் கட்டி தூக்குகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் தோள் மாதா கோயில் கல்சுவர் மாதிரி குளிர்ந்திருக்கும். நான் அதில் கன்னத்தை வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எங்கள் டீச்சர் என்னையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவு. வீட்ல இருங்க" என்றார். மற்றவர்களுக்கு லீவு இல்லை. எங்களுக்கு மட்டும்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "டீச்சரே கூப்பிட்டு லீவு குடுத்திருக்காங்க. நம்ம பையன் அவ்வளவு நல்லா படிக்கிறான்" என்று ஐஸ் பேக்டரி முழுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று எனக்கு முட்டை போண்டா வாங்கித் தந்தார். அடுத்த வருஷமும் அதே லீவு வந்தது. அதே போண்டா. நான் இதை உங்களுக்கும்கூட ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஜோயல், ஞாபகம் இருக்கா?

முப்பது வருஷத்துக்கு மேல் நானும் அதைப் பரிசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிகிற சமயம். மாதிரிப் பாடம் வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஒவ்வொருவரும் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டணும். பாஸ் ஆனால் சான்றிதழ். சான்றிதழோடு வந்தால் ஜூனில் எல்.கே.ஜி. வகுப்பு உங்களுக்கு என்று என் நர்சரி பள்ளிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வேன் மாமா, சார் ஆகிவிடலாம்.

வசந்தா மேடம் ஏற்பாட்டை விளக்கினார்.

"எல்லாரும் அவங்கவங்க பாடத்தை நாலு நாள் ட்ரயல் பாத்துக்குங்க. எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை பதில் சொல்லும்னு முன்னாடியே பழக்கிடுங்க. பேசாத பிள்ளைங்களை அன்னிக்குப் பக்கத்து ரூமுக்கு அனுப்பிடலாம். ஆயா ஒரு மிட்டாய் குடுத்துப் பாத்துக்குவாங்க."

பெண்கள் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். என் பேனா எழுதவில்லை.

முட்டை போண்டாவின் எண்ணெய் வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. இன்ஸ்பெக்டர் வருகிற நாள். அதுதான் அந்த லீவு. மக்குப் பிள்ளைகளைக் கண்ணில் காட்டாமல் வைக்கிற நாள். அப்பா ஐஸ் பேக்டரி முழுக்கப் போய்ச் சொன்னது அதைத்தான்.

அப்பா செத்துப் போய்ப் பல வருஷம். நல்லவேளை என்று நினைத்தேன். இதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நான் எழுந்து நின்றேன். "மேடம், எனக்கு ட்ரயல் வேணாம். யாரையும் வெளியே அனுப்பவும் வேணாம்."

"இது உங்க ஒருத்தர் விஷயம் இல்ல அந்தோணி" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை, அசதிதான். "இந்தப் பொண்ணுங்க பெண்ணாடத்துலேர்ந்து, காட்டுமன்னார்கோயில்லேர்ந்து பஸ் ஏறி வருதுங்க. ஒரு பிள்ளை பேந்தப் பேந்த முழிச்சா ஒருத்தி ஃபெயில். அவ வீட்டுல மறுபடி அனுப்புவாங்களா? மிட்டாய் ஒண்ணுதானே. அழ வச்சா அனுப்புறோம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"எங்கப்பாவும் அழலீங்க மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

அடுத்து வாழைப்பழம், மிஸ்

தேர்வு நாள். எனக்கு முன்னால் நூர்ஜஹான். பாடம், பழங்கள். கூடைமேல் துணி மூடி, தங்க ஜரிகை ஒட்டி, கல்யாண சீர்வரிசை மாதிரி கொண்டு வந்திருந்தாள்.

நாலு நாள் ட்ரயல் அவளோடு மட்டுமா? ஒவ்வொரு அக்காவோடும் அதே பிள்ளைகள்தான் நாலு நாள் பழகினார்கள். எல்லாப் பாடமும் அவர்களுக்கு மனப்பாடம்.

"செல்லங்களா, இந்தக் கூடைக்குள்ள..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், முன்வரிசையில் இருந்த கவின், "மாம்பழம்" என்றான். துணி இன்னும் எடுக்கவில்லை.

நூர்ஜஹான் முகத்தில் வியர்வை. "அட, கரெக்டா சொல்லிட்டானே. அப்புறம்..."

"அடுத்து வாழைப்பழம், மிஸ். அப்புறம் எல்லாரும் கை தட்டணும். அப்புறம் நான் போயி முத்துவைத் தொடணும், அவன் பாட்டுப் பாடுவான்."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். வசந்தா மேடம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். தேர்வாளர் அம்மா? அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. குனிந்து 'மிக நன்று' என்று எழுதினார்.

வெளியே வந்த நூர்ஜஹான் என் காதருகே சொன்னாள். "மானம் போச்சுண்ணே. ஆனா மார்க் போகல. அவுங்களும் இப்படித்தான் பாஸ் பண்ணியிருப்பாங்க."

அப்புறம் என் பேர். அப்புறம்தான் ஆயா, கதவு, ஆரஞ்சு மிட்டாய்.

தரை நனைந்த பாடம்

அபிதா உட்கார்ந்துவிட்டாள். முன்பு இருந்த ஓரத்தில் இல்லை, பேசினுக்குப் பக்கத்தில் வந்து. நானும் முட்டி சத்தத்தோடு தரையில் உட்கார்ந்தேன்.

"இதுல எது மிதக்கும், எது முழுகும்? எனக்குத் தெரியாது. நீங்களே போட்டுப் பாருங்க."

கவின் குழம்பிவிட்டான். "மாமா, பதில் என்னா?"

"தெரியாதுப்பா."

"மிஸ்ஸுக்கெல்லாம் தெரியும்."

"எனக்குத் தெரியலியே."

பழக்காத பாடம். யார் முதலில் பேச வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு முத்து ஒரு ஆணியை எடுத்துப் போட்டான். முழுகியது. அவ்வளவுதான், பன்னிரண்டு ஜோடிக் கைகளும் பேசினுக்குள். தக்கையை அழுத்தினார்கள், அது எகிறி ஒருத்தன் மூக்கில் அடித்தது. என் வேன் நட்டு மிதக்கும் என்று கவின் பந்தயம் கட்டித் தோற்றான். "பெருசா இருக்கு, அதான் முழுகிச்சு" என்றான் ஒருவன். "அப்ப கப்பலு?" என்றாள் இன்னொருத்தி. கப்பலைப் பற்றிச் சண்டையே வந்தது. பாதித் தண்ணீர் தரையில்.

அபிதா ஒரு பாட்டில் மூடியை எடுத்தாள். தண்ணீர்மேல் மெதுவாக வைத்தாள். மிதந்தது. விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதற்குள் விட்டாள். மிதந்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, அவள் பேசினின் ஒரு ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தாள். மூடி சாய்ந்து முழுகியது. எடுத்துத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை செய்தாள். மூன்றாவது தடவை, முழுகப்போவதற்கு ஒரு சொட்டு முன்னால் நிறுத்தினாள். விளிம்புவரை தண்ணீரோடு மூடி மிதந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

இந்தப் பிள்ளைக்கு அரிசி மூட்டைப் பக்கத்தில் என்ன வேலை?

அந்த ஒரு வரி

மார்க் ஷீட்டின் கீழே தேர்வாளர் குறிப்பு எழுதுவார், அதைப் படித்துப் பார்த்து நாமும் கையெழுத்துப் போடணும். அது வழக்கம். என் தாளில் மூன்று வரி. வகுப்புக் கட்டுப்பாடு குறைவு. தரை ஈரம். ஒரு குழந்தை பங்கேற்கவில்லை.

"அம்மா, தரை ஈரம், உண்மை. கட்டுப்பாடு குறைவு, அதுவும் இருக்கட்டும். மார்க்கை எவ்வளவு வேணாலும் குறைச்சுக்குங்க. மூணாவது வரியை மட்டும் அடிச்சுடுங்க."

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தையாவது பேசிச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

"நீங்களும்தான் இவ்வளவு நேரம் ஒண்ணும் பேசல. கவனிச்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்க பங்கேற்கலன்னு நான் எழுத முடியுமா?"

கதவுக்கு வெளியே நூர்ஜஹான் "யா அல்லாஹ்" என்றது கேட்டது.

நான் என் நோட்டை எடுத்து நீட்டினேன். அபிதாவைப் பற்றி இரண்டு வாரம் எழுதியது. அவர் வாங்கவில்லை. "மாதிரிப் பாடத்துக்கு மட்டும்தான் மார்க். நோட்டுக்கு இல்ல. கையெழுத்துப் போடுங்க, அடுத்த ஆள் வரணும்."

பேனாவை மூடி, என் மஞ்சள் பார்டர் பாக்கெட்டில் சொருகினேன். "பொய்க்குக் கீழே என் பேரை எழுத மாட்டேங்க."

கையெழுத்து இல்லாவிட்டால் முடிவு வராது. மறுதேர்வுதான். அது தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்த வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா சட்டையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். எல்லாம் கேட்டாள். கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜூன்ல வேலை போச்சா?"

"போச்சு."

"அந்தப் பொண்ணு நனைஞ்சாளா?"

"முழுசா."

"சரி, சட்டையைக் கழட்டுங்க. காயப் போடறேன்."

அந்த எல்.கே.ஜி. வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. நான் வேனையே ஓட்டினேன். மச்சான் ஒரு மாசம் ஓட்டினான், வேனை இல்லை, என்னை. இதுவரை எழுதியதை ஜோயல் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அப்பா, அப்போ நீ ஃபெயிலா?" என்று கேட்டான்.

ஆமாண்டா, ஃபெயில்தான். இதை எதற்கு மறைக்கணும்? மறைத்து வைக்கிற வேலைதானே எனக்குப் பிடிக்காது.

ஒரு அக்காவின் கடிதம்

இதை இந்த வாரம் எழுதக் காரணம் உண்டு. டீச்சர் பயிற்சியில் இருக்கும் ஒரு அக்கா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 'எனக்கு மாதிரிப் பாடம் வருகிறது. வகுப்பில் ஒரு குழந்தை பேசவே பேசாது. என்ன செய்வது?'

அக்கா, உங்கள் மார்க் குறையலாம். நான் பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையைப் பாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஏதாவது கொடுங்கள். பதில் வாயிலிருந்துதான் வரணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உட்காரக் கற்றுக்கொண்டீர்களே, அது எதற்கு? அந்தக் கண்ணுக்கு நேராகப் போவதற்குத்தானே. கண்ணுக்கு நேராகப் போய், 'நீ வெளியே போ' என்று எப்படிச் சொல்ல முடியும்?

படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. யாராவது உங்களுக்கு மட்டும் தனியாக லீவு கொடுத்தால், தனியாக மிட்டாய் கொடுத்து வேறு ரூமுக்கு அனுப்பினால், 'ஏன்?' என்று கேளுங்கள். கேட்கலாம். மரியாதையாகவே கேட்கலாம்.

ஆறு மாசம் கழித்து

மறுதேர்வுக்குப் போனேன். அதே சட்டை, அதே பேசின், அதே நட்டு. வந்திருந்த தேர்வாளர் வேறு. அறைக்குள் நுழையும்போதே வசந்தா மேடத்திடம் சொல்லிவிட்டேன், "இன்னிக்கும் யாரையும் அனுப்ப மாட்டேன் மேடம்." போன தடவை நான் நீட்டிய நோட்டு அவர் மேசைமேல் இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறேன். உள்ளே ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் சொருகியிருந்தது. என்னுடையது இல்லை.

எனக்கு முன்னால் புதுசாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பாடம். வீட்டு விலங்குகள். அவள் பழைய வழக்கப்படி ஆயாவுக்குக் கண் காட்டினாள். செல்லம்மா ஆயா கதவருகே வந்து நின்றார். ஆரஞ்சு மிட்டாய்.

"அபிதா, வாடா கண்ணு."

அபிதா வளர்ந்திருந்தாள். கவுன் முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. எழுந்து கதவுவரை போனாள். மிட்டாயை வாங்கினாள். அங்கேயே நின்று தாளைப் பிரித்தாள். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். தாளை நான்காக மடித்து ஆயாவின் கையில் வைத்தாள்.

திரும்பி நடந்து வந்து, முன்வரிசையில் கவினைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஆயா வசந்தா மேடத்தைப் பார்த்தார். புதுப்பெண் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கதவைச் சாத்திட்டு நீங்களும் உள்ள வந்து உக்காருங்க ஆயா" என்றார் வசந்தா மேடம்.

அபிதா வாயில் மிட்டாய் பல்லில் பட்டு உருளும் சத்தம் மட்டும், கடக், கடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.